வெந்நீர் வேண்டாம்

செவுள் வெளுத்த மீனை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று ஒரு விடியற்காலையில் எங்கள் குப்பத்துக் கடற்கரையில் ஏலம் விடுகிறவரோடு நான் போட்ட சண்டையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இந்தியக் கொடியை ஏற்றிய வருஷம் அது. கல்யாணமாகி, பெரிய மார்க்கெட்டில் என் மாமியார் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் மீன் விற்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாய் மட்டும் அப்போதே முழுசாக வளர்ந்திருந்தது.

அது சங்கரா மீன். சூரியன் கடலிலிருந்து நேராகக் கண்ணில் குத்தியதால் வலது கண்ணை மூடிக்கொண்டு செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ஊறிப்போன செங்கல் நிறத்தில் இருந்தது. மீன்காரிக்குச் செவுள்தான் எல்லாம். சிவப்பாக இருந்தால் புதுசு, மங்கியிருந்தால் பழசு, அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"நேத்து மீன இன்னிக்கு ஏலம் உடுறியே மாமா, கடல் பாத்துக்கிட்டுதான இருக்குது" என்றேன்.

அவர் என்னைவிட வயதில் பெரியவர், கோபத்திலும் பெரியவர். "இப்பத்தான் எறங்குன மீனு. வாலு ஆடுறது தெரியல? மூடுன கண்ணத் தொறந்து பாருடி" என்றார்.

திறந்தேன். செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. இடது கண்ணால் மட்டும் பார்த்தேன், செங்கல். வலது கண்ணால் பார்த்தேன், ரத்தம். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஊரே அண்ணாந்து பார்த்த புதுக் கொடியை அதற்கு முந்தின வாரம் நானும்தான் வெயிலுக்கு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அதில் காவி வெளிறித் தெரிந்தபோது துணி மட்டமானது என்று நினைத்து ஏளனம் செய்திருந்தேன். மட்டமானது என் கண் என்று கடற்கரையில்தான் தெரிந்தது.

கண்ணில் தாய்ப்பால் விட்டார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினார்கள். யாரோ எதையோ அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். சில வாரங்களில் கண் தானாகத் தெளிந்தது. தாய்ப்பால் கொடுத்தவள் தன் பாலால் என்றாள், பூக் கொண்டுவந்தவள் தன் பூவால் என்றாள், நான் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. வந்தது போயிற்று என்று மீன் விற்கப் போய்விட்டேன்.

பிறகு கால் விழுந்து படுத்த நான் எழுந்து நடப்பதைப் பார்த்து, இப்போது ஆள் மாற்றி ஆள் வந்து, "என்ன பத்தியம் இருந்தீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பத்தியம் இருந்து நான் எழவில்லை. பத்தியத்தை உடைத்துத்தான் எழுந்தேன். அதைச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கல்யாணம் வரைக்கும் படித்தவள் நான், மீன்காரிக்கு எழுத வருமா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவைப்பது மேல்.

கண் தெளிந்து சில வருஷங்கள் கழித்து, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் கடற்கரையில் இறங்கினேன். ஈர மணல் காலுக்குத் தெரியவில்லை. நடக்கிறேன், கால் பதிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே சாக்கைச் சுற்றிக் கட்டினது போல் இருந்தது. மழையில் விறைத்துப்போயிருக்கும் என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். பாதித் தெருவில் முழங்கால் மடிந்தது. நான் ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம். காக்கைகளுக்கு அன்றைக்கு நல்ல வரவு. என்னை ஒரு கட்டைவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலியார்பேட்டையிலிருந்து வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார், வாதம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கொடுத்த எண்ணெயைத் தடவி நீவினால் விறைத்த கால் இளகியது, அந்த எண்ணெயை நான் பிறகும் விடவில்லை. ஆனால் அவர் போட்ட பத்தியம் இருக்கிறதே, அதுதான் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. குளிர்ச்சி ஆகாது. பழைய சோறு ஆகாது, மோர் ஆகாது, பச்சைத் தண்ணீர் உடம்பில் படவே கூடாது. மீன் கூடாது. மீன் விற்கிற வீட்டில், மீன் பிடிக்கிறவன் பெண்டாட்டிக்கு, மீன் கூடாது. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் சுடு கஞ்சியும் என் தலையெழுத்தாயிற்று.

அதற்கு மேல் வெந்நீர். நொச்சித் தழையைப் போட்டு ஒரு அண்டா நிறையக் கொதிக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி முதலில் வேது பிடிக்க வைப்பார்கள். பிறகு தாங்குகிற சூட்டில் இடுப்பிலிருந்து கால்வரை ஊற்றுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல் விட்டவளுக்கும் அடிபட்டவனுக்கும் எங்கள் குப்பத்தில் ஒரே மருந்து அதுதான். ஊற்றுவது என் மாமியார். அடுப்பங்கரையில் பேய் மாதிரி வேலை செய்வாள், ஆனால் என் மேல் ஊற்றும்போது தன் கையில் ஒரு தடவை ஊற்றிச் சூடு பார்த்துக்கொண்டுதான் ஊற்றுவாள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஊற்றினதும் கால் போய்விடும். அதுவரை சுவரைப் பிடித்து நின்றவள் துணி மாதிரி துவண்டு விழுவேன். கண்ணும் மங்கும். எதிரில் இருக்கிற மாமியாரின் முகம் புகைக்குள் போய்விடும்.

"அத்த, இது வேணாம். ஊத்த ஊத்தத்தான் வுழுறேன்" என்பேன்.

"வாதம் எறங்குதுடி. உள்ள இருக்கறது வெளிய வரும்போது அப்படித்தான் ஆட்டும்" என்பாள்.

பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். நான் விழ விழ, சூடு போதவில்லை என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் அடுப்பில் இன்னும் இரண்டு விறகு கூடும். நான் இன்னும் மோசமாக விழுவேன். கெட்ட எண்ணம் ஒருத்திக்கும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து என்னை நல்ல மனதோடு அவித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படுத்த நாளிலிருந்து மார்க்கெட் இடத்தில் மாமியார்தான் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து மீன் அரிந்துவிட்டு எழுந்தால் முகமெல்லாம் வேர்த்துவிடும். மீன் வரிசையில் எங்களுக்கு இருந்த இடம் ஒரு பாய் அகலம்தான். ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போகும்போது மீன் அரிகிற பலகையைத் தன் இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவாள். பலகை கவிழ்ந்திருக்கிற இடத்தை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் பலகை சும்மா கிடக்கிறது, ஆள் வருவதில்லை என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறவள் நாளுக்கு ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டே வருவாள். அப்புறம் அந்த இடம் போனது போனதுதான்.

தை பிறந்ததும் ஒரு நாள் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் பயந்தேன்.

"எனக்கு முடியல. மாசி மகம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீ கூடையத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்கு நடந்து வந்தீன்னா எடம் ஒனக்கு. இல்லன்னா எம்பொண்ண வரச் சொல்லி ஒக்கார வச்சிடுவேன். ஒனக்குச் சோறு போடாம உட்டுட மாட்டோம்."

அவள் மகள், என் நாத்தனார், வடக்கே கனகசெட்டிக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவள்தான். டவுனில் ஒரு இடம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னை முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சோறு போடுவார்களாம். மூலையில் கிடத்தி, அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றி, மிளகு ரசமும் ஊற்றி, சாகும்வரை சோறு போடுவார்களாம். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

வழி தெரிந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் விறகெல்லாம் நனைந்துவிட்டது. அடுப்பு பிடிக்கவில்லை. மாமியார் திட்டிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பொறுக்க முடியவில்லை. தவழ்ந்தபடி கொல்லைக் கிணற்றுக்குப் போய், தொட்டியில் இருந்த பச்சைத் தண்ணீரைச் சொம்பால் மொண்டு தலையோடு ஊற்றிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. வாதம் முறுக்கிச் செத்தால் சாகிறேன் என்று இன்னும் ஊற்றினேன். பல் கிட்டித்தது. பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்து எழுந்தேன். எழுந்தவள் சுவரை விட்டுவிட்டு நின்றேன். ஈரத் துணியோடு, யாரும் தாங்காமல், நின்றுகொண்டே இருந்தேன். கண்ணும் தெளிவாகத் தெரிந்தது, முருங்கைமரத்தில் இலை இலையாக.

மறுநாள் வெந்நீர் ஊற்றினார்கள், விழுந்தேன். அதற்கு மறுநாள் அவர்கள் வருமுன் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன், நின்றேன். இதற்கு மேல் எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் புருஷனிடம் சொன்னேன். கட்டுமரத்தில் போகிறவர், அதிகம் பேச மாட்டார். "சரி, லொப்பித்தாலுக்குப் போயி கேட்டுடுவோம்" என்றார். பெரியாஸ்பத்திரியை எங்கள் ஊரில் அப்போதெல்லாம் அப்படித்தான் சொல்வோம். தன் அம்மாவுக்குத் தெரியாமல் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனார்.

டாக்டர் எங்கள் ஊர்க்காரர், பிரெஞ்சில் படித்தவர். என் உள்ளங்காலில் சாவியால் கீறினார், பெருவிரல் மேலே போயிற்று. முழங்காலில் தட்டினார், கால் அவர்மேலேயே பாய்ந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து, "இதுக்கு முன்ன எப்பவாவது கண்ணுல ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

சங்கரா மீனின் செவுள் என் கண்முன் வந்து நின்றது. சொன்னேன். வெந்நீரைப் பற்றியும் சொன்னேன். அவர் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். "சூடு பட்டா வுழுறியா? பச்சத் தண்ணி ஊத்துனா நிக்கிறியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பிரெஞ்சில் ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக் என்று பெயர் சொன்னார். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்கிறார்களே, அதேதான். மூளையிலிருந்து போகிற நரம்புகளின் மேல்தோல் அங்கங்கே கெட்டுப்போகிறது, சூடு ஏறினால் கெட்ட நரம்பில் ஓட்டம் நின்றுபோகிறது என்று புரியும்படி சொன்னார்.

"மருந்து?"

"இல்லம்மா. இருந்தா குடுக்க மாட்டனா? வரும், போவும், மறுபடியும் வரும். எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. வெயில்ல, அடுப்புல வேகாத. களைச்சுப் போற அளவுக்கு வேல செய்யாத."

"சாப்பாடு?"

"நெய், கறிக் கொழுப்பு இதெல்லாம் கொறச்சுட்டு மீன் நெறைய சாப்டா நல்லதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. நெசமான்னு எனக்குத் தெரியாது. ஒனக்கு மீன் வாங்க வசதிப்படுமா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் என் புருஷனைப் பார்த்தார். என் புருஷன் தன் சட்டையை முகர்ந்து காட்டினார். அப்புறம் மூன்று பேரும் சிரித்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மருந்து இல்லை என்ற பேச்சு ரிக்‌ஷாவில் திரும்பும்போதுதான் உறைத்தது. வழியெல்லாம் அழுதேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அழுகையை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் உள்ளே அண்டா கொதிக்கிற வாசனை வந்தது.

"வெந்நீர் வேண்டாம்" என்றேன்.

"என்னாடி?"

"இனிமே எனக்கு வெந்நீர் வேணாம். கஞ்சியும் வேணாம். ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வையி, காலையில பழையது சாப்புடுறேன். மீன் கொழம்பு வையி."

அன்றைக்கு நடந்த சண்டை குப்பம் முழுக்கக் கேட்டது. மாமியார் அண்டாவை இறக்கிக் கீழே வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "நீ செத்தா எம்மேல பழி வரும். மாமியாக்காரி பச்சத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டான்னு ஊரே காறித் துப்பும்" என்றாள். "வெந்நீரு ஊத்திக் கொன்னா மட்டும் மாலை போடுவாங்களா?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். அவள் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து எனக்குச் சமைக்கவும் மாட்டேன் என்றாள்.

நான் அடுப்பருகே போக முடியாது. அதனால் என் புருஷன் குழம்பு வைத்தார். கடலுக்குப் போகிறவனுக்குக் கரையில் குழம்பு வைக்கத் தெரியாதா? எண்ணெய் அதிகம் விடாமல், புளியும் மிளகாயும் போட்டு, நெத்திலியோ கானாங்கெளுத்தியோ அன்றைக்குக் கிடைத்ததைக் கொதிக்கவைத்துவிடுவார். பெண்டாட்டிக்குப் பொங்கிப்போடுகிறான் என்று குப்பத்து ஆண்கள் கேலி செய்தார்கள். "வந்து தின்னுட்டுப் பேசு" என்பார். தின்றவர்கள் பேசவில்லை.

காலையில் பழைய சோறும் நீர்மோரும் சின்ன வெங்காயமும். மத்தியானம் குழம்பும் கீரையும். வெயில் ஏறினால் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு அதன்மேல் படுத்துக்கொள்வேன். விடியுமுன் கடற்கரை. அலை ஓடிவந்து நனைத்துவிட்டுப் போகிற கெட்டி மணலில், என் புருஷனின் பழைய துடுப்பை ஊன்றிக்கொண்டு நடப்பேன். ஈர மணல் அப்போதும் காலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை வைப்பேன். களைத்தால் அலையில் உட்கார்ந்து தலை நனைய முழுகிவிட்டு மறுபடி நடப்பேன். ஏலத்துக்கு வரும் பெண்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவர்களில் ஒருத்தி வெளிப்படையாகவே என் மாமியாரிடம், "ஒம் மருமவளுக்கு வேப்பிலை அடிச்சுப் பாரேன்" என்றாளாம். பார்க்கட்டும் என்று விட்டேன்.

மாசி மகம் வந்தது. எங்கெங்கோ இருக்கிற சாமிகளெல்லாம் வாகனமேறிக் கடலுக்கு வந்தன. கடற்கரை தெரியாமல் ஜனம். நாத்தனாரும் வந்து இறங்கினாள், கையில் புதுப் பலகை ஒன்று. ஊரெல்லாம் சாமிக்குத் தீர்த்தம் ஆடியது, நான் ஒரு ஓரமாக நின்று என் கால்களுக்காக ஆடினேன். சாமியிடம் குணமாக்கு என்று கேட்கவில்லை. நாளைக்கு மார்க்கெட் வரைக்கும் போதும் என்று கேட்டேன்.

மறுநாள் விடியற்காலை, உடுத்தின புடவையோடு கடலில் முழுகி எழுந்து, பிழியாமல், கூடையைத் தூக்கித் தலையில் வைத்தேன். மீன்கூடையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரை எல்லாரும் கரித்துக்கொட்டுவார்கள். எனக்கு அது தலையிலும் கழுத்திலும் முதுகிலும் சொட்டச் சொட்டத்தான் கால் நகர்ந்தது. என் புருஷன் பின்னாலேயே வந்தார், தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். வழியில் குழாயடி கண்ட இடத்திலெல்லாம் நின்று பாதத்தை நனைத்துக்கொண்டேன். மார்க்கெட் வாசலில் கால் பின்னியது, தூணில் சாய்ந்து நின்று மறுபடி நடந்தேன். மீன் வரிசையில் நுழைந்தபோது இரைச்சல் அடங்கியது, அந்த வரிசையில் அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

மாமியார் எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "சொட்டச் சொட்ட வந்து நிக்கிறியே, சளி புடிக்கும்" என்று சொல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து இடம் விட்டாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஒரு சாக்கை நனைத்து விரித்து அதன்மேல் உட்கார்ந்து பலகையை என் முன்னால் போட்டுக்கொண்டேன். நாத்தனார் தன் புதுப் பலகையோடு ஊருக்குத் திரும்பினாள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கதை நன்றாக இருக்கும். கேட்க வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நோய் நிற்கவில்லை. சில மாதம் நன்றாக விடும், பிறகு ஏதாவது ஒன்றைப் பிடுங்கும். ஒரு தடவை கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் ஓடியது. ஒரு தடவை வலது கை மரத்துப்போய், அரிவாள்மனையில் மீனோடு விரலையும் சேர்த்து அரிந்துவிட்டேன். வாங்க வந்த அம்மாள் சத்தம் போட்டபிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன். பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், மீன் தின்றுகொண்டுதான் இருந்தேன், அப்படியும் வந்தது. பச்சைத் தண்ணீர் நோயைத் தீர்க்கவில்லை. சூடு என் மேல் ஏற்றிவைத்த பாரத்தை இறக்கியது, அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன். இதைவிட அதிகமாகச் சொல்கிறவர்கள் யாரானாலும் அவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒவ்வொரு தடவை விழும்போதும் குப்பம் அதே பாட்டைப் பாடும். பார், குளிர்ச்சி வேலையைக் காட்டிவிட்டது என்பார்கள். மாமியார் பாட மாட்டாள், ஆனால் பேசாமல் இருப்பாள். அதுவும் பாட்டுத்தான். டாக்டரும் பிரான்சுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒரு நாள் மார்க்கெட்டுக்கு வந்து என்னிடம் மீன் வாங்கினார். செவுளைத் தூக்கி, "என்ன கலர் தெரியுது?" என்று கேட்டார். "புது மீன் கலரு முசே" என்று பிரெஞ்சு மரியாதை வைத்துச் சொன்னேன்.

கை மரத்துப்போன பிறகு மாமியார் மறுபடியும் மகளுக்குச் சொல்லியனுப்பினாள். என்னிடம் மறைக்கவில்லை. "நீ விரல அரிஞ்சுக்கிட்டு நிக்கிற. நான் எத்தினி நாளைக்கு இருப்பேன்? அவ வந்து பக்கத்துல ஒக்காரட்டும். மெல்ல மெல்ல அவளே பாத்துக்கட்டும்" என்றாள். மெல்ல மெல்ல என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

அது அறுபத்திரண்டு, கத்திரி வெயில். நாத்தனார் அதே பலகையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட் ஓடு கொதித்தது. காலையிலேயே சாக்கு காய்ந்துவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தால் முடியவில்லை என்று தெரிந்துவிடும் என்று வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினேன். மீன் புகைக்குள் போயிற்று. வாங்க வந்தவரின் முகம் புகைக்குள் போயிற்று. கை தாழ்ந்தது, நான் பக்கவாட்டில் சரிந்தேன்.

காது மட்டும் கேட்டது. வரிசை முழுக்க எழுந்து வந்துவிட்டது. வாதம் வாதம் என்று ஒருத்தி. தைலம் எங்கே என்று ஒருத்தி. "டீக்கடையில சுடுதண்ணி வாங்கிட்டு ஓடியா, கால்ல ஊத்தணும்" என்று பக்கத்து இடத்துக்காரி கத்தினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. அத்தனை வருஷம் சண்டை போட்ட வாய், வேண்டிய நேரத்தில் செத்துக் கிடந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இடமும் போயிற்று.

அப்போது என் தலைமேல் தண்ணீர் விழுந்தது. பச்சைத் தண்ணீர். ஐஸ் கரைந்து, செதிலும் ரத்தமும் மிதந்த, மீன் கழுவின வாளித் தண்ணீர் மொத்தமும். மூக்கில் ஏறியது, வாயில் உப்புக் கரித்தது.

மாமியார் காலி வாளியோடு எனக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றாள். "எவளாவது வெந்நீருன்னு வாயத் தொறந்தீங்க, அந்த வெந்நீர ஒங்க மேலயே ஊத்துவேன்" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "என்னா மரம் மாதிரி நிக்கிற. இன்னொரு வாளி கொண்டா" என்றாள். நாத்தனார் ஓடினாள். அடுத்த வாளியைக் காலில் ஊற்றுமுன் மாமியார் கொஞ்சம் தன் கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். குளிர்ச்சி போதுமா என்று பார்த்தாள்.

உடனே எழுந்துவிடவில்லை. வெகுநேரம் ஈரச் சாக்கில் அப்படியே கிடந்தேன். முதலில் மாமியாரின் முகம் தெளிந்தது, பிறகு கைவிரல், அதற்கு அப்புறம் கால். தூணில் சாய்த்து உட்கார வைத்தார்கள். என் புடவையில் செதில் மின்னியது. நாத்தனார் தன் பலகையை எடுத்து என் பக்கத்தில் போடப் போனாள்.

"வேணாம் எடு" என்றாள் மாமியார். "எடம் நனைஞ்சிடுச்சி, ஒனக்குச் சரிப்படாது. மத்தியான வண்டிக்கு ஊருக்குப் போ."

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கை சொரண இல்லன்னா நான் அரியிறேன். வாய் நல்லாத்தான இருக்குது? நீ வித்துக் குடு" என்றாள். எதிரில் வந்து நின்றவரைப் பார்த்து நான் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி விலை சொன்னேன்.